மகளின் ரீச்சர் வேலையும் எங்கள் கடை மெஷினும்

போட்டோக்கொப்பிக் கடையில் வேலை செய்கிறவளுக்கு, ஊரில் யாருக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை என்பது மற்ற எல்லோருக்கும் முதல் தெரிந்துவிடும். ஒரே முகம் திரும்பத் திரும்ப வரும். ஒரே சான்றிதழைக் கண்ணாடியில் கவிழ்த்து வைக்கும். கடைசியில், "இதைவிடத் தடித்த பேப்பர் இருக்கிறதா?" என்று கேட்கும். பேப்பர் தடித்தால் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை எல்லா நாட்டவருக்கும் பொது.

இதை எழுதத் தொடங்கும்போதே எனக்குப் பயமாக இருக்கிறது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். படித்தவர்கள் வேலை தேடிய கதையைப் படிக்காதவள் சொன்னால், எங்காவது முன்பின்னாகச் சொல்லிவிடுவேன். மகள் வாசித்துவிட்டு, "அம்மா, அது அப்பிடியில்லை" என்பாள். பள்ளிக்கூடங்களின் பெயரையும் அவள் படித்த பல்கலைக்கழகத்தின் பெயரையும் சொல்லமாட்டேன். யாராவது வழக்குப் போட்டால் யார் அலைவது? ஆனால் பிள்ளையைப் படிக்கவைத்துவிட்டு, அதன் பிறகு தபால்பெட்டியை எட்டிப் பார்த்தே கழுத்து நொந்த தாய்மார் உங்களில் பலர் இருப்பீர்கள். நான் பிழையாகச் சொன்னாலும் உங்களுக்குச் சரியாக விளங்கும்.

எங்கள் கடை ஜேர்மனியில், பீலெஃபெல்ட் என்ற ஊரில், ரயில் நிலையத்துக்குக் கிட்ட. உரிமையாளர் ஹெல்கா. வாரத்தில் பாதி நாள் நான், மீதி நாள் சபீனா. என் மகள் மயூரி கைக்குழந்தையாக இந்த நாட்டுக்கு வந்தவள். ஆங்கிலமும் கணிதமும் படிப்பிப்பதற்குப் படித்துப் பட்டம் பெற்றாள். ஜேர்மன் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் ரீச்சராக வேண்டுமென்றால் அதற்குமேல் இன்னொரு நீண்ட பயிற்சி இருக்கிறது, அதற்கு இடம் கிடைக்கவும் காத்திருக்க வேண்டும். அவளுக்கோ இன்டர்நாஷனல் பள்ளிக்கூடம்தான் வேண்டும். அதாவது பல நாட்டுப் பிள்ளைகளும் ஒன்றாக இருந்து ஆங்கிலத்தில் படிக்கிற இடம். ஏன் பிள்ளை என்று கேட்டேன்.

"அங்கை எல்லாரும் வெளியிலை இருந்து வந்த ஆக்கள்தான், அம்மா. நீ உண்மையிலை எந்த ஊர் எண்டு ஒருத்தரும் என்னைக் கேக்கமாட்டினம்" என்றாள்.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நானும் ஓம் என்றேன்.

அனுபவம் எங்கே விற்கிறது?

இன்டர்நெட்டில் வரும் வேலை விளம்பரங்களை மயூரி எங்கள் கடையில்தான் அச்செடுப்பாள். எனக்கு ஆங்கிலம் ஓடாது. என்றாலும் ஒரு வரி எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி இருப்பதைக் கண்டேன். அது என்ன என்று கேட்டேன். "இரண்டு வருட அனுபவம் கட்டாயம்" என்றாள். எல்லாவற்றிலுமா? எல்லாவற்றிலும். அப்படியென்றால் முதல் இரண்டு வருடத்தை ஒரு மனிதப்பிறவி எங்கே போய்ச் செய்வது? நான் கோபத்தில் ஸ்டேப்ளரை ஓங்கி அடித்தேன். ஊசி என் விரலில் ஏறியதுதான் மிச்சம்.

தெற்கு ஜேர்மனியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அவள் கடையின் பின்னறையிலிருந்தே தொலைபேசி எடுத்தாள். வீட்டில் எடுத்தால் யாராவது சொல்லாமல் கொள்ளாமல் தேத்தண்ணி குடிக்க வந்துவிடுவார்கள். நான் கதவோரம் நின்றேன். புதிதாகப் படித்து முடித்தவர்களை நீங்கள் எடுப்பதே இல்லையா என்று பிள்ளை பணிவாகக் கேட்டாள். மறுமுனையில் ஒரு பெண், ஜேர்மன் மொழியில், குரலில் தேன் வடியச் சொன்னது எனக்கே கேட்டது: "ஏன் இல்லை? புதியவர்களை எங்களுக்கு மிகவும் பிடிக்கும். எங்கேயாவது இரண்டு வருடம் படிப்பித்துவிட்டு வாருங்கள்."

இங்கிலாந்துப் பொடியன்

அந்த நாட்களில் இங்கிலாந்துப் பொடியன் ஒருவன் கடைக்கு வருவான். எங்கள் தெருவில் ஒரு பாரில் பியர் ஊற்றுகிறவன். காதலிக்காக இந்த ஊருக்கு வந்தவன். நல்ல பிள்ளை, எனக்கும் கதவு திறந்து பிடிப்பான். ஒருநாள் வேலைக்கு எழுதிய கடிதம் ஒன்றைக் கொண்டுவந்து அச்செடுக்கச் சொன்னான். மயூரி பக்கத்து மெஷினில் நின்றவள், தற்செயலாக அதைப் பார்த்துவிட்டு, "கோபிக்காதே, இதில் பிழைகள் இருக்கின்றன" என்றாள். இருவரும் மேசையில் இருந்து திருத்தினார்கள். பென்சில் கோட்டில் அந்தத் தாள் புழுதி பிடித்த மாதிரி ஆகிவிட்டது.

சில கிழமை கழித்து ஒரு பெட்டி சொக்லேட்டோடு வந்தான். வேலை கிடைத்துவிட்டதாம். எங்கே? புதியவர்களை மிகவும் பிடிக்கும் என்று தேன் வடித்தார்களே, அதே பள்ளிக்கூடத்தில்! என்ன வேலை? ஆங்கிலம் படிப்பிப்பது. அவன் படித்ததோ ஹோட்டல் நடத்துகிற படிப்பு. அனுபவம் கேட்கவில்லையா என்றேன், என் பற்களைக் கடித்துக்கொண்டு. இல்லையாம், ஆங்கிலம் அவனுடைய தாய்மொழி என்பதே போதுமாம். எனக்கு அந்தச் சொக்லேட் தொண்டையில் இறங்கவில்லை. அவனிலும் பிழை இல்லை. பாவம், மனதாரத்தான் சொன்னான்: "உங்கள் மகள் என்னைவிட நன்றாக ஆங்கிலம் எழுதுகிறாள். அவளும் இந்த வேலைக்கு முயற்சி செய்து பார்க்கலாமே?"

ஹோட்டல் அறை

அடுத்தது சந்தை. மயூரி அப்படித்தான் சொன்னாள். பிராங்பேர்ட்டில் ஒரு பெரிய ஹோட்டலில் ரீச்சர்மாரை எடுக்கிற சந்தை. மாட்டுச் சந்தை மாதிரியோ என்று கேட்டேன். "கிட்டத்தட்ட" என்றாள். காலையில் ஒரு மண்டபத்தில் ஒவ்வொரு பள்ளிக்கூட அதிபரும் ஒரு மேசை போட்டு இருப்பாராம். வரிசையில் நின்று கதைக்க வேண்டும். பிடித்தால் மத்தியானம் நேர்முகத்துக்கு நேரம் தருவார்களாம். அந்த நேர்முகம் எங்கே தெரியுமா? அதிபர் தங்கியிருக்கிற ஹோட்டல் அறையில்!

"ஆம்பிளை தங்கிற அறைக்குள்ளையோ?"

"அம்மா, எல்லாருக்கும் அப்பிடித்தான். கட்டிலை ஓரமாத் தள்ளிப்போட்டு மேசை கதிரை போட்டிருப்பினம்."

"கட்டில் இருக்குத்தானே!"

"நீங்க சும்மா இருங்கோ அம்மா."

நான் சும்மா இருக்கவில்லை, கூடப் போனேன். என்னிடம் இருந்ததில் நல்ல கறுப்புப் பாவாடையும் வெள்ளைச் சட்டையும் போட்டு, பையில் நான் பொரித்த உறைப்பு ரோல்ஸும் தண்ணீர்ப் போத்தலும் வைத்து, அந்த அறை வாசலில் நின்றேன். பக்கத்தில், அறை துப்புரவாக்குகிற யாரோ துவாய் வண்டி ஒன்றை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். வளைகுடா நாடு ஒன்றில் இருக்கிற பள்ளிக்கூடத்தின் அதிபர், நரைத்த மனிதர், மயூரியை உள்ளே இருத்திவிட்டு ஏதோ எடுக்க வெளியே வந்தார். என்னை மேலிருந்து கீழே பார்த்தார். துவாய் வண்டியைப் பார்த்தார். பிறகு மிக மரியாதையாக, நல்ல ஜேர்மன் மொழியில் சொன்னார்: "அறையை இப்போது சுத்தம் செய்ய வேண்டாம் அம்மா, எனக்கு ஒரு நேர்முகம் இருக்கிறது."

சாமத்திய வீட்டுக் கார்ட்

நான் மயூரியின் தாய் என்று பிறகு தெரிந்த வெட்கத்திலா, பிள்ளையைப் பிடித்ததாலா, அது கடவுளுக்குத்தான் தெரியும், அந்த நரைத்த அதிபர்தான் கடைசியில் வேலை தந்தார். முதலில் நான்காம் வகுப்பு, பிறகு பெரிய வகுப்புக் கணிதம். மயூரி தொலைபேசியை வைத்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நானும் அழுதேன். வேறு வேறு காரணத்துக்காக. அவளுக்கு வேலை கிடைத்த சந்தோசம். எனக்கு, குமர்ப்பிள்ளையைத் தனியாக அரபு நாட்டுக்கு அனுப்புகிற பயம்.

அந்தக் கிழமை பார்த்து, எங்கள் ஊர்க்காரி பரமேஸ் அக்கா கடைக்கு வந்தார். மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள், சாமத்திய வீட்டுக்குக் கலர்க் கார்ட் அடிக்க வேண்டும். கதை எப்படித்தான் அவருக்குப் போனதோ தெரியாது.

"என்ன ராணி, மயூரி அரபு நாட்டுக்குப் போறாளாம்? எங்கடை ஊர்ச் சனம் வீட்டு வேலைக்குப் போற இடமெல்லே அது?"

"படிப்பிக்கப் போறாள், அக்கா."

"போறது என்னத்துக்கெண்டாலும் போற இடம் அதுதானே. சனம் அப்பிடித்தான் கதைக்கும்."

எனக்கு வந்ததே கோபம். "வீட்டு வேலைக்குப் போன பெட்டையள்தான் ஊரிலை எத்தினை வீட்டுக்குக் கூரை போட்டவை, அக்கா. அதிலை என்ன கேவலம்?" என்றேன். ஹெல்கா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். அக்காவுக்கு ஒன்றும் சுடவில்லை. "டொக்டருக்குப் படிப்பிச்சிருந்தா இந்தக் கரைச்சல் இல்லை எண்டு நான் அப்பவே சொன்னனான்" என்றார். பிறகு கார்டில் இருந்த தன் பிள்ளையின் படத்தைத் தட்டிக் காட்டினார்: "அது கிடக்கட்டும் ராணி, இவளின்ர முகத்தைக் கொஞ்சம் வெள்ளையாக்கி விடும்."

என் வீட்டுக்காரரின் புளுகம்

வேலைக்கு இனி ஒன்றுதான் பாக்கி. பட்டச் சான்றிதழின் மூலப்பிரதியில் ஜேர்மன் அரசாங்க அலுவலகம் முத்திரை வைக்க வேண்டும், அதன்மேல் அந்த நாட்டுத் தூதரகம் முத்திரை வைக்க வேண்டும். அப்போதுதான் விசா. அதுவரை மயூரி தற்காலிகத் தாள் ஒன்றை வைத்துத்தான் அலைந்தாள். மூலப்பிரதி சரியாக அந்தக் கிழமை தபாலில் வந்தது. தடித்த தாள், கீழே புடைத்த முத்திரை. நான் கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் தொட்டேன்.

என் வீட்டுக்காரருக்குப் பாண் சுடுகிற தொழிற்சாலையில் வேலை. அதிகம் கதைக்காத மனிதர். ஊரில் அவரும் படித்துச் சோதனை பாஸ் பண்ணியவர்தான். சண்டைக்குத் தப்பி ஊரைவிட்டு ஓடி வருகிறபோது அவருடைய சான்றிதழ்கள் மழையில் ஊறிக் கூழாகிவிட்டன. படித்தேன் என்று இங்கே வாயால் சொன்னால் யார் கேட்பார்கள்? கோப்பை கழுவினார், பிறகு பாண் அடுக்கினார். ஆகவே மகளின் சான்றிதழைக் கண்டதும் அவருக்கு வந்த புளுகத்தை, அந்தச் சந்தோசத்தை, என்னவென்று சொல்ல! அடுத்தநாள் நான் லீவு. மத்தியானம் சிரித்த முகத்தோடு வீட்டுக்கு வந்தார். சான்றிதழ் கண்ணாடி மாதிரி மின்னியது. நேரே எங்கள் கடைக்குப் போய், சபீனாவிடம் கொடுத்து, இருக்கிறதில் தடித்த பிளாஸ்டிக்கில் லமினேட் பண்ணுவித்திருக்கிறார். மூலைகூட வளைத்து வெட்டியிருந்தது. சொல்லப்போனால் எங்கள் ஆட்களின் வீட்டில் லமினேட் பண்ணாத சான்றிதழ் இருந்தால்தான் புதினம். எனக்கும் பார்க்க வடிவாகத்தான் இருந்தது. மயூரி வந்து பார்த்தாள். முகம் சுண்ணாம்பு மாதிரிப் போனது. அவர் அதைக் கவனிக்கவில்லை. சான்றிதழை விரலால் சுண்டிச் சத்தம் காட்டினார்: "இனி எந்த மழைக்கும் பயமில்லை, பிள்ளை."

முத்திரை மேசை

மறுநாளே நானும் மயூரியும் அவரும் பக்கத்து ஊர் அரசாங்க அலுவலகத்துக்குப் போனோம். டெர்மின் எடுத்து, அதாவது முன்கூட்டியே நேரம் குறித்துத்தான் போனோம், எல்லாம் ஒழுங்காகத்தான். முத்திரை மேசையில் இருந்தவர் மெலிந்த மனிதர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். சான்றிதழைக் கையில் வாங்கினார். வெளிச்சத்தில் சரித்தார். பிறகு மேசையில் தட்டினார். அது தட்டு மாதிரிச் சத்தம் போட்டது. புடைத்த முத்திரையைத் தொட்டுப் பார்க்க முடியாத தாள் தனக்கு மூலப்பிரதியே இல்லையாம். "உள்ளே இருக்கிறதே, கண்ணுக்குத் தெரியுதே!" என்று நான் சத்தம் போட்டேன். மயூரி என் கையைப் பிடித்து அமத்தினாள்.

பிளாஸ்டிக்கை உரிக்கலாமா என்று பிறகு ஹெல்காவிடம் கேட்டோம். உரித்தால் எழுத்தும் சேர்ந்து வரும் என்றார். அதைக் கேட்க என் வீட்டுக்காரர் வரவில்லை. அலுவலகத்திலிருந்து வீடுவரை பஸ்ஸில் அவர் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் ஏசுவதற்கு வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டேன். என் கோபம் முழுவதும் அந்த மெலிந்த மனிதரில்தான். நாங்கள் அங்கிருந்து எழும்புமுன் அவர் தன் முத்திரையைச் சான்றிதழின்மேல் பொய்யாக ஒருதரம் ஒற்றிக் காட்டி, எங்களுக்கு வகுப்பு வேறு எடுத்தார்: "பாருங்கள், நான் இதில் வைக்கிற முத்திரையை நீங்கள் வாசலுக்குப் போகும்போதே கைக்குட்டையால் துடைத்துவிடலாம்."

அலுமாரித் திறப்பு

இனிப் பல்கலைக்கழகம் இன்னொரு பிரதி தர வேண்டும். பள்ளிக்கூடமோ விசாவுக்கு நாள் நெருங்குகிறது என்கிறது. மயூரி தொலைபேசி எடுத்தால் அடுத்த மாதம் டெர்மின் என்கிறார்கள். எங்கள் ஆட்களுக்கு டெர்மின் இல்லாமல் ஒரு வீட்டுக்குப் போய்க் குந்தியிருப்பது ஒன்றும் புதிதில்லையே. நான் ரயில் ஏறி, பிள்ளையையும் இழுத்துக்கொண்டு, அந்த அலுவலக வாசலில் கிடந்த மர வாங்கில் போய் இருந்தேன். உள்ளே இருந்தது ஒரு இளம்பெண். போகச் சொன்னாள். போகவில்லை. மத்தியானம் சாப்பிடப் போனாள், வந்தாள், நாங்கள் அதே வாங்கில் இருந்தோம். ரோல்ஸ் ஒன்று நீட்டினேன். முதலில் வேண்டாம் என்றாள், பிறகு வாங்கிக் கடித்தாள். உறைப்பில் கண் கலங்கியது.

அதற்குப் பிறகு மனிசியாகக் கதைத்தாள். பிரதி எழுதலாமாம், அதற்கு விதி இருக்கிறதாம். ஆனால் பல்கலைக்கழகச் சின்னம் போட்ட அந்தத் தாள் பூட்டிய அலுமாரியில் இருக்கிறதாம். பூட்டினவர் திறப்பையும் கொண்டு லீவில் போய்விட்டாராம். இன்னொரு திறப்பு இல்லையா? இல்லையாம். இத்தனை பேராசிரியர்கள் இருக்கிற இடத்தில் ஒரு அலுமாரிக்கு ஒரே ஒரு திறப்பா! எங்கள் தமிழ்ப் பாடசாலையில் வெண்கட்டிப் பெட்டிக்கே மூன்று பேரிடம் திறப்பு இருக்கிறது. நான் இதைச் சொல்ல, அவள் எழுந்து அந்த அலுமாரியை எங்கள் முன்னால் இழுத்தே காட்டினாள். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நான் என்ன செய்ய? திறப்பு மயோர்க்காத் தீவில் வெயில் காய்கிறது, திங்கட்கிழமைதான் வரும்."

அதிபரின் பகிடி

திங்கட்கிழமை வரை எப்படி இருந்தேன் என்று கேட்காதீர்கள். கடையில் வந்தவர்களுக்கெல்லாம் ஒற்றைப் பக்கம் கேட்டால் இரட்டைப் பக்கம் அடித்துக் கொடுத்தேன். மயூரி சாப்பிடவில்லை. இவர் மகளின் அறைக் கதவுவரை வருவார், நிற்பார், திரும்பிப் போவார். ஒருநாள், "நான் அதிபருக்குக் கதைச்சுச் சொல்லட்டோ, பிழை என்ரை எண்டு?" என்று கேட்டார். தொலைபேசியில் நாலு சொல் கதைக்கவே கூச்சப்படுகிற மனிதர். இந்தக் கரைச்சல் தொடங்கிய பிறகு மயூரி அப்போதுதான் முதல்தரம் அழுதாள். "ஒருத்தரும் ஒண்டும் சொல்ல வேண்டாம், அப்பா. நானே சொல்லுறன்" என்றாள்.

கடையின் பின்னறையிலிருந்து தொலைபேசி எடுத்தாள். ஒன்றையும் மறைக்காமல் மழை, பிளாஸ்டிக், திறப்பு எல்லாவற்றையும் சொன்னாள். நான் கதவோரத்தில் நின்றேன். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். மறுமுனையில் அந்த நரைத்த மனிதர் சிரித்தாராம். இடத்தை வேறு யாருக்கும் கொடுக்கவில்லையாம். மயூரி கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்குத் தமிழில் சொன்னாள். அவர் சொன்னது இது: "இந்த வேகத்தில் போனால், உங்கள் சான்றிதழ் வந்து சேரும்போது உங்களுக்கு இரண்டு வருட அனுபவமும் வந்துவிடும்."

கைப்பை

திறப்பு கறுத்துப்போய் வந்து சேர்ந்தது. பிரதி கிடைத்தது. அரசாங்க முத்திரை, தூதரக முத்திரை, எல்லாம் விழுந்தது. அதைக் கொண்டுவந்த அன்று நான் அதை என் கையிலிருந்து விடவில்லை. இவர் சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் நின்று கழுத்தை நீட்டினார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, படிக்கிற பிள்ளை வாத்தியாரைக் கேட்கிற மாதிரிக் கேட்டார்: "ஒருக்காக் காட்டுமன், நான் தொடமாட்டன்."

காட்டினேன். பழைய, மின்னுகிற சான்றிதழ் எங்கள் வரவேற்பறைச் சுவரில் தொங்குகிறது. அவரே ஆணி அடித்தார். வேலையிலிருந்து வந்தால் சப்பாத்தைக் கழற்றுவதற்கு முதல் அதைப் பார்ப்பார். மயூரி போய்விட்டாள். கிழமைக்கு ஒருதரம் கதைப்பாள். வகுப்பில் பல நாட்டுப் பிள்ளைகளாம். முதல்நாளே ஒரு சின்னன் கையைத் தூக்கி, "மிஸ், நீங்கள் உண்மையில் எந்த ஊர்?" என்று கேட்டதாம். நீ என்ன சொன்னாய் என்றேன். பீலெஃபெல்ட் என்று சொன்னாளாம். அது எங்கே இருக்கிறது என்று முழு வகுப்பும் வரைபடத்தில் தேடியதாம். சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அம்மா, அப்பாவுக்குச் சொல்லாதேங்கோ, இஞ்சை எங்கடை ஸ்டாஃப் அறையிலை பெரிய லமினேட் மெஷின் இருக்கு, பிள்ளையள் கீறுற படமெல்லாம் அதுக்குள்ளைதான் போகுது."

சொல்லவில்லை. ஆனால் நான் இல்லாத நாளில் யாரும் சான்றிதழை உள்ளே தள்ளிவிடக் கூடாதென்று, இப்போது என் வேலை முடிகிற ஒவ்வொரு நாளும் எங்கள் கடை லமினேட் மெஷினின் வயரைக் கழற்றிச் சுருட்டி என் கைப்பையில் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குப் போகிறேன். மெஷின் அடிக்கடி பழுதாகிறது என்று சபீனா வருகிறவர்களுக்குச் சொல்கிறாள். ஹெல்காவுக்கு விசயம் தெரியும் என்று நினைக்கிறேன், கேட்கவில்லை.

பிள்ளையைக் கண்காணாத நாட்டுக்குத் தனியாக அனுப்பிவிட்டு நித்திரை கொள்ள எனக்கு ஏலும், அந்த வயரை மெஷினோடு விட்டுவிட்டு மட்டும் ஏலாது.